மூன்றாவது லெப்டானின் கணக்கு

கையில் கால்குலேட்டர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் இருப்பதே போதும். டௌ என்ற துகளின் நிறை 1776.9 மெகா எலெக்ட்ரான்வோல்ட். மியூவானின் நிறை 105.66. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் 16.817. அதன் ஐந்தாம் அடுக்கு ஏறத்தாழ 13.45 லட்சம். மியூவானின் சராசரி ஆயுள் 2.197 மைக்ரோ நொடி. அதை இந்த 13.45 லட்சத்தால் வகுத்தால் 1633 ஃபெம்டோ நொடி கிடைக்கும். டௌக்கள் நூறு சிதைந்தால் அவற்றில் சராசரியாக 17.82 எலெக்ட்ரானைத் தருகின்றன என்பது சோதனையில் அளந்த எண். ஆகவே 1633-இல் 17.82 சதவீதம் எடுங்கள். விடை 291.

டௌவின் ஆயுளை நேரடியாக அளந்தபோது கிடைத்தது 290.3 ஃபெம்டோ நொடி. பிழை வரம்பு அரை ஃபெம்டோ நொடி. ஒரு நொடியைக் கோடியாகப் பிரித்து, அதில் ஒரு பங்கை மறுபடி கோடியாகப் பிரித்து, அதிலும் ஒரு பங்கைப் பத்தாக்கினால் வருவது ஒரு ஃபெம்டோ நொடி.

பள்ளிக்கூடக் கணக்கு போலத் தோன்றும் இந்த நான்கு வரிகளில் நாம் செய்திருப்பது இயற்கையின் ஒரு விதியைச் சோதிப்பது. எலெக்ட்ரான், மியூவான், டௌ மூன்றும் மின்னேற்றம் கொண்ட லெப்டான்கள். மூன்றுக்கும் ஒரே மின்னேற்றம், ஒரே தற்சுழற்சி. ஒரே அச்சில் வார்த்தவை. எடை மட்டும் வேறு. எலெக்ட்ரானைவிட மியூவான் 207 மடங்கு கனம், டௌ 3477 மடங்கு. துகள்களைச் சிதைய வைக்கும் வலுக்குறைந்த விசை இந்த மூன்றையும் வேறுபாடில்லாமல் ஒரே வலிமையோடு பற்றுகிறது என்கிறது இன்றைய கோட்பாடான ஸ்டாண்டர்ட் மாடல். அப்படியானால் மியூவானின் ஆயுள் தெரிந்தால் டௌவின் ஆயுளும் தெரிந்துவிட வேண்டும். தெரிந்துவிட்டது. இந்த ஒப்புமை ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நுட்பம் வரை நிற்கிறது.

கணக்கில் வந்த ஐந்தாம் அடுக்கு எங்கிருந்து வந்தது? டௌ தானாக எலெக்ட்ரானாக மாறிவிட முடியாது. W என்ற துகளின் துணை வேண்டும். W-வின் நிறை 80 கிகா எலெக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல். டௌவைப் போல் 45 மடங்கு. தன்னிடம் இல்லாத அவ்வளவு ஆற்றலைக் கணநேரத்துக்குக் கடன் வாங்கித்தான் டௌ சிதைய முடியும். நிறை கூடக்கூடக் கடன் எளிதாகிறது. சிதைவில் பிறக்கும் துகள்கள் ஆற்றலைப் பங்கிட்டுக்கொள்ளும் வழிகளும் பெருகுகின்றன. இரண்டும் சேர்ந்து சிதைவின் வேகத்தை நிறையின் ஐந்தாம் அடுக்காக்குகின்றன. நிறையை அளப்பதில் ஒரு சதவீதம் பிசகினால் ஆயுளின் கணிப்பு ஐந்து சதவீதம் பிசகும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் தேவைப்படும்.

17.82 சதவீதம் என்ற எண்ணுக்குள்ளும் ஒரு செய்தி இருக்கிறது. மியூவானுக்கு ஒரே வழிதான்: எலெக்ட்ரானாகச் சிதைவது, கூடவே இரண்டு நியூட்ரினோக்கள். டௌ கனமானது என்பதால் எலெக்ட்ரானாகலாம், மியூவானாகலாம், மேல்-கீழ் என்ற குவார்க் இணையையும் தரலாம். குவார்க்குகள் மூன்று நிறங்களில் வருகின்றன. அந்த நிறம் கண்ணுக்குத் தெரிவதல்ல, மின்னேற்றத்தைப் போன்ற ஒரு பண்பு. எனவே குவார்க் வழி மூன்றாக எண்ணப்படும். மொத்தம் ஐந்து வழிகள், எலெக்ட்ரானுக்கு ஐந்தில் ஒன்று, அதாவது 20 சதவீதம். அளந்ததோ 17.8. குவார்க்குகளுக்கு இடையே வேலை செய்யும் வலுவான விசை, குவார்க் வழியின் பங்கைச் சிறிது உயர்த்திவிடுகிறது. குவார்க் வழியை எலெக்ட்ரான் வழியால் வகுத்தால் 3-க்குப் பதில் சுமார் 3.64 வருகிறது. 3 என்பது குவார்க் நிறங்களின் எண்ணிக்கை. மேலே எஞ்சும் பின்னத்திலிருந்து வலுவான விசையின் வலிமையையே கணக்கிடுகிறார்கள். டௌவின் ஆற்றல் அளவில் கிடைக்கும் அந்த மதிப்பைக் கோட்பாட்டின் வழியே 91 கிகா எலெக்ட்ரான்வோல்ட் வரை எடுத்துச் சென்றால், ஜெனீவாவின் பெரிய மோதுவிகளில் நேரடியாக அளந்த மதிப்போடு ஒத்துப்போகிறது. ஒரு லெப்டானின் சிதைவு குவார்க்குகளின் உலகத்தை இவ்வளவு துல்லியமாகக் காட்டுவது, என் பார்வையில், துகள் இயற்பியலின் மிக அழகான விஷயங்களில் ஒன்று.

இத்தனைக்கும் மோதுவிகளில் டௌவை யாரும் நேரில் பார்த்ததில்லை. அதன் ஆயுளை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் 87 மைக்ரோமீட்டர். வேகமாகச் செல்லும்போது கால நீட்சியால் தூரம் கூடும். செர்ன் நிறுவனத்தின் LEP மோதுவியில் பிறந்த டௌ சராசரியாக 2.2 மில்லிமீட்டர் பறந்தது. ஜப்பானின் பெல் கருவிக்குள் கால் மில்லிமீட்டர் அளவு. மோதல் நடக்கும் வெற்றிடக் குழாயின் சுவரோ சென்டிமீட்டர் கணக்கில் தள்ளி நிற்கிறது. டௌ அதைத் தொடுவதற்கு முன்பே இல்லாமல் போகிறது. போகும்போது குறைந்தது ஒரு நியூட்ரினோவையும் விடுகிறது. அது எந்தக் கருவியிலும் தடம் வைக்காமல் வெளியேறிவிடும். ஆக, துகளும் தெரியாது, அதன் மிச்சமும் முழுதாகத் தெரியாது. இந்த நிலையில் அதன் நிறையைப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு துல்லியத்தில் எப்படிச் சொல்கிறார்கள் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கதை.

கதையைத் தொடங்கியவர் மார்ட்டின் பெர்ல். 1927-இல் நியூயார்க்கில் பிறந்தவர். வேதிப் பொறியியல் படித்து ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் எலெக்ட்ரான் குழாய்கள் செய்யும் பிரிவில் வேலை பார்த்தார். பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இசிடோர் ராபியிடம் இயற்பியல் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். 1960-களில் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு நேர்கோட்டு முடுக்கி மையத்தில் அவரை ஆட்டிப்படைத்த கேள்வி ஒன்றே ஒன்று: எலெக்ட்ரானுக்கும் மியூவானுக்கும் நிறையைத் தவிர வேறு ஏதாவது வித்தியாசம் உண்டா? இரண்டையும் புரோட்டான்மேல் மோதவிட்டுப் பார்த்தார். வித்தியாசம் எதுவும் கிடைக்கவில்லை. அந்த வழி அடைபட்டதும் கேள்வியை மாற்றினார். இரண்டு இருந்தால் மூன்றாவதும் ஏன் இருக்கக் கூடாது?

எலெக்ட்ரானையும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானையும் மோதவிடும் SPEAR என்ற மோதுவி அங்கே வந்தபோது அந்தத் தேடலுக்கு வழி பிறந்தது. கனமான லெப்டான் ஒன்று இருந்தால் அது எந்தெந்த வழிகளில் எத்தனை சதவீதம் சிதையும் என்று அங்கேயே இருந்த யுங்-சு சாய் 1971-லேயே விரிவாகக் கணக்கிட்டு வெளியிட்டிருந்தார். துகளைக் காணும் முன்பே அதன் சிதைவுப் பட்டியல் தயாராக இருந்தது. பெர்ல் தேடியது ஒரு விநோத நிகழ்வு: மோதலிலிருந்து ஒரு எலெக்ட்ரானும், எதிர் மின்னேற்றம் கொண்ட ஒரு மியூவானும் மட்டும் வெளிவர வேண்டும், மற்ற ஆற்றல் காணாமல் போயிருக்க வேண்டும். டௌவும் எதிர்-டௌவும் பிறந்து, ஒன்று எலெக்ட்ரானாகவும் மற்றது மியூவானாகவும் சிதைந்தால் இப்படித்தான் இருக்கும். மார்க் 1 கருவியின் பதிவுகளிலிருந்து 64 அத்தகைய நிகழ்வுகளைப் பொறுக்கி எடுத்து, 1975 டிசம்பரில் கட்டுரை வெளியிட்டார்கள்.

பலர் நம்பவில்லை, அதற்கு நியாயமும் இருந்தது. முந்தைய ஆண்டு நவம்பரில்தான் அதே கருவி சார்ம் குவார்க்கைக் காட்டியிருந்தது. சார்ம் குவார்க்கைச் சுமக்கும் துகள்களின் நிறையும் டௌவின் நிறைக்கு மிக அருகில், 1865-ஐ ஒட்டி. புதிதாகத் தெரிவதெல்லாம் சார்ம்தானோ, எலெக்ட்ரானையும் மியூவானையும் கருவி தவறாக அடையாளம் காண்கிறதோ என்ற ஐயங்களைத் தீர்க்க இரண்டு ஆண்டுகள் பிடித்தன. 1977-இல் ஹாம்பர்க்கின் டேஸி ஆய்வகத்தில் இருந்த குழுக்களும் அதையே கண்ட பிறகு ஐயம் தணிந்தது. 1995-இல் பெர்லுக்கு நோபல் பரிசு. நியூட்ரினோவைக் கண்ட ஃபிரெடரிக் ரெயின்ஸுடன் பகிர்ந்துகொண்டார்.

கண்டுபிடிப்பு முடிந்த இடத்தில் அளவீடு தொடங்குகிறது. புதிய துகளைக் கண்டவர்களின் பெயர் பாடநூலில் வரும். அதன் நிறையின் நான்காவது இலக்கத்தைத் திருத்தியவர்களின் பெயர் பெரும்பாலும் வராது. ஆனால் டௌவைப் பற்றி நமக்கு உறுதியாகத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த இரண்டாம் வகை மனிதர்களின் உழைப்பு.

1990-களின் தொடக்கத்தில் ஒரு சங்கடம் இருந்தது. அப்போது ஏற்கப்பட்டிருந்த நிறை 1784.1, பெரும்பாலும் 1978-இல் SPEAR-இல் டெல்கோ என்ற கருவி செய்த அளவீட்டிலிருந்து வந்தது. இந்த நிறையை நாம் தொடக்கத்தில் போட்ட கணக்கில் இட்டால், ஐந்தாம் அடுக்கின் காரணமாக ஆயுள் சுமார் இரண்டு சதவீதம் குறைந்துவிடும். நேரடியாக அளந்த ஆயுளோ கணிப்பைவிட நீண்டதாக இருந்தது. இடைவெளி பெரிதல்ல. ஆனால் அதன் பொருள் பெரிதாக இருந்திருக்கலாம்: வலுக்குறைந்த விசை டௌவை மட்டும் சற்றுத் தளர்வாகப் பற்றுகிறது, மூன்றும் ஒரே அச்சு அல்ல. நான்காவதாக ஒரு கனமான நியூட்ரினோ டௌவின் பங்கில் கொஞ்சத்தைத் தன்பக்கம் இழுக்கிறதோ என்றெல்லாம் கோட்பாட்டாளர்கள் யோசித்தார்கள்.

பதில் பெய்ஜிங்கிலிருந்து வந்தது. அங்கே இருந்த எலெக்ட்ரான்-பாசிட்ரான் மோதுவி ஆற்றலில் சிறியது. அதுவே அதன் பலம். டௌ இணை பிறக்க அதன் நிறையைப் போல் இரு மடங்கு ஆற்றல் வேண்டும்: 3.55 கிகா எலெக்ட்ரான்வோல்ட்டுக்குச் சற்று மேல். அதற்குக் கீழே ஒரு டௌகூடப் பிறக்காது. தாண்டியதும் பிறக்கத் தொடங்கும். மோதுவியின் ஆற்றலை அந்த வாசலின் இருபுறமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, எந்த ஆற்றலில் எலெக்ட்ரான்-மியூவான் இணைகள் தோன்றத் தொடங்குகின்றன என்று பார்த்தால் போதும். சிதைவில் ஓடிப்போகும் நியூட்ரினோக்களைப் பற்றிக் கவலையே இல்லை. BES குழு ஒவ்வொரு படியின் முடிவையும் பார்த்து அடுத்த படியின் ஆற்றலைத் தீர்மானித்தபடி வாசலை நெருங்கியது. கையளவு நிகழ்வுகள்தான் கிடைத்தன. ஆனாலும் 1992-இல் அவர்கள் சொன்ன நிறை 1776.9, அரை மெகா எலெக்ட்ரான்வோல்ட் துல்லியத்தில். பழைய மதிப்பிலிருந்து 7 குறைந்துவிட்டது. அதோடு ஆயுளின் புதிய அளவீடுகளும் சேர, இடைவெளி மூடிக்கொண்டது. இயற்கை பாகுபாடு காட்டவில்லை. நம் அளவுகோல்தான் சற்றுக் கோணியிருந்தது.

இதில் ஒரு துணைக்கதை உண்டு. அதைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனமில்லை. யோஷியோ கொய்தே என்ற ஜப்பானியக் கோட்பாட்டாளர் 1980-களின் தொடக்கத்தில் ஒரு சூத்திரத்தை முன்வைத்தார். மூன்று லெப்டான்களின் நிறைகளைக் கூட்டுங்கள். தனியாக, அவற்றின் வர்க்கமூலங்களைக் கூட்டி, அந்தக் கூட்டலை வர்க்கப்படுத்துங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் மூன்றில் இரண்டு வர வேண்டும் என்றார். எலெக்ட்ரான், மியூவான் நிறைகளை இட்டால் டௌவின் நிறை 1776.97 என்று வருகிறது. அவர் எழுதிய காலத்தில் அளந்த நிறை 1784-ஐ ஒட்டி இருந்ததால் சூத்திரம் தோற்றதாகவே தோன்றியிருக்கும். பத்து ஆண்டுகள் கழித்து அளவீடு அவரிடம் வந்து சேர்ந்தது. இன்றுவரை இதற்கு எல்லோரும் ஏற்கும் விளக்கம் இல்லை. பலர் இதைத் தற்செயல் என்றே ஒதுக்குகிறார்கள். அவர்கள் சரியாகவும் இருக்கலாம். ஆனால் அளவீட்டுக்கு முன்பே தன்னைப் பணயம் வைத்து, அதன் பிறகு வந்த ஒவ்வொரு துல்லியமான அளவீட்டிலும் பிழைத்து நிற்கும் எண்ணை அவ்வளவு எளிதில் தள்ளிவிட என்னால் முடியவில்லை.

இப்போது மிகத் துல்லியமான நிறை அளவீடு ஜப்பானின் சுக்குபாவிலிருந்து வந்தது. அங்கே 3 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சூப்பர்கெக்பி மோதுவியில் 7 கிகா எலெக்ட்ரான்வோல்ட் எலெக்ட்ரான்களும் 4 கிகா எலெக்ட்ரான்வோல்ட் பாசிட்ரான்களும் எதிரெதிரே வந்து மோதுகின்றன. பாட்டம் குவார்க்கைச் சுமக்கும் B மேசான்களை உண்டாக்கவே அது கட்டப்பட்டது. ஆனால் B இணைகள் பிறக்கும் அளவுக்கு ஏறக்குறைய டௌ இணைகளும் பிறக்கின்றன. முன்பு அங்கே இருந்த பெல் கருவி மட்டுமே சுமார் 90 கோடி டௌ இணைகளைத் தந்தது. அதன் வழித்தோன்றல் பெல் 2. அதன் உள்ளே துகள்களின் தடத்தைப் பதியும் சிலிக்கான் அடுக்குகளில் நான்காவதை மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனக் குழுவினர் ஒருங்கிணைத்தார்கள். சென்னை ஐஐடி இயற்பியலாளர்களும் இந்தக் கூட்டமைப்பில் இருக்கிறார்கள்.

சுக்குபாவில் ஆற்றல் 10.58 கிகா எலெக்ட்ரான்வோல்ட். டௌவின் வாசலிலிருந்து வெகுதூரம். பெய்ஜிங் முறை இங்கே உதவாது. ஹாம்பர்க்கின் ஆர்கஸ் குழு முன்பு வகுத்த வேறொரு முறையைக் கையாள்கிறார்கள். பையான் என்ற குவார்க் இணைத் துகள்கள் மூன்றும் ஒரு நியூட்ரினோவுமாகச் சிதைந்த டௌவை எடுத்துக்கொள்கிறார்கள். பையான்களின் ஆற்றலும் உந்தமும் தெரியும். டௌவின் ஆற்றல் மோதல் ஆற்றலில் சரிபாதி, அதுவும் தெரியும். நியூட்ரினோ எந்தத் திசையில் போனது என்பது மட்டும் தெரியாது. பையான்கள் போன திசையிலேயே அதுவும் போனதாக வைத்துக்கொண்டு நிறையைக் கணக்கிடுகிறார்கள். இப்படி வரும் விடை உண்மையான நிறைக்குச் சமமாகவோ அதற்குக் குறைவாகவோதான் இருக்கும், ஒருபோதும் மிஞ்சாது. பல லட்சம் நிகழ்வுகளுக்குக் கணக்கிட்டு வரைபடமாக்கினால், உண்மையான நிறை இருக்கும் இடத்தில் வரைபடம் செங்குத்தாகச் சரிகிறது. தெரியாததை யூகிக்காமல், தெரியாமை எவ்வளவு தூரம் ஏமாற்ற முடியும் என்ற எல்லையை வைத்தே விடையைக் கண்டுபிடிக்கும் இந்த உத்தியை நான் மிகவும் மதிக்கிறேன்.

2023-இல் பெல் 2 வெளியிட்ட விடை 1777.09. அதில் புள்ளியியல் பிழை 0.08, முறைசார்ந்த பிழை 0.11. இரண்டாவது எண்தான் உழைப்பின் இடம். நிகழ்வுகளைப் பெருக்கினால் முதல் பிழை தானாகக் குறையும், இரண்டாவது குறையாது. மோதல் ஆற்றல் உண்மையில் எவ்வளவு? அதே மோதல்களில் பிறக்கும் B மேசான்களின் ஆற்றலை வைத்துச் சரிபார்த்தார்கள். பையான்களின் தடத்தை வளைக்கும் காந்தப்புலத்தை எவ்வளவு சரியாக அறிந்திருக்கிறோம்? சார்ம் குவார்க்கைச் சுமக்கும், நிறை நன்றாகத் தெரிந்த D மேசானின் சிதைவுகளை அளந்து, அது வர வேண்டிய இடத்தில் வருகிறதா என்று பார்த்துத் திருத்தினார்கள். கருவியை நம்பும் முன் அதைக் குறுக்கு விசாரணை செய்யும் இந்த வேலையில் மாதங்கள் அல்ல, ஆண்டுகள் கழிகின்றன.

இடைவெளிகளின் கதை 1992-உடன் முடியவில்லை. 1990-களின் பிற்பகுதியில் LEP மோதுவியின் ஆற்றல் உயர்த்தப்பட்டு W துகள்கள் இணை இணையாகப் பிறந்தன. W, எலெக்ட்ரானாகவும் மியூவானாகவும் டௌவாகவும் சமமாகச் சிதைய வேண்டும். நான்கு கருவிகளின் முடிவுகளைச் சேர்த்தபோது டௌவின் பங்கு மியூவானின் பங்கைப் போல் 1.070 மடங்கு என்று வந்தது, பிழை 0.026. தற்செயலாக இப்படி வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்புகூட இல்லை. LEP நிறுத்தப்பட்டு, அதன் சுரங்கத்தில் LHC கட்டப்பட்டு, ஹிக்ஸ் துகளும் கண்டுபிடிக்கப்பட்ட பிறகும் இந்த ஏழு சதவீதம் அப்படியே நின்றது.

புரோட்டான்கள் மோதும் LHC-யில் இதைச் சரிபார்க்க முடியும் என்று பலர் எண்ணவில்லை. அங்கே ஒவ்வொரு மோதலும் துகள்களின் பெருங்குப்பை. நுட்ப அளவீடுகளுக்கு எலெக்ட்ரான் மோதுவிகள்தான் ஏற்றவை என்பது வழக்கமான எண்ணம். அங்குள்ள அட்லாஸ் கருவியின் குழு சாமர்த்தியமான வழி ஒன்றைக் கண்டது. டாப் குவார்க் ஒவ்வொன்றும் சிதையும்போது W-வைத் தருகிறது. LHC-யில் டாப் இணைகள் ஏராளம். அதில் ஒரு W-வை வைத்து நிகழ்வை அடையாளம் கண்டு, மற்ற W-விலிருந்து வரும் மியூவான்களை மட்டும் ஆராய்ந்தார்கள். W நேரடியாகத் தந்த மியூவான் மோதல் புள்ளியிலிருந்தே கிளம்பும், வேகமும் அதிகம். டௌ வழியாக வந்த மியூவானோ சற்றுத் தள்ளிக் கிளம்பும், வேகமும் குறைவு. இரண்டையும் ஒரே கருவி, ஒரே முறையில் மியூவானாகவே பதிவு செய்வதால், கருவியின் குறைபாடுகள் விகிதத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. 2021-இல் வெளியான விடை 0.992, பிழை 0.013. LEP-ஐவிட இரு மடங்கு துல்லியம், ஒன்றோடு முழு ஒப்புமை. பின்னர் LHC-யின் மற்றொரு கருவியான சிஎம்எஸ்ஸின் குழுவும் அதையே கண்டது. இருபது ஆண்டு இடைவெளி மறைந்தது.

இரண்டு முறை இப்படி நடந்தால் எல்லா இடைவெளியும் அளவுகோலின் கோணல்தான் என்ற முடிவுக்கு வரத் தோன்றும். அந்த முடிவு அவசரமானது. B மேசான், D அல்லது D* மேசானோடு ஒரு லெப்டானையும் தரும் சிதைவுகளில், டௌ வரும் வீதம் ஸ்டாண்டர்ட் மாடல் சொல்வதைவிட அதிகம் என்று ஸ்டான்ஃபோர்டின் பாபார் குழு 2012-இல் அறிவித்தது. பிறகு பெல், செர்னின் LHCb, பெல் 2 என்று வெவ்வேறு கருவிகள், வெவ்வேறு முறைகள். பாபாரின் மதிப்புகள் அளவுக்கு விலகல் பெரிதாக இல்லை; ஆனால் எல்லாவற்றையும் சேர்த்த சராசரி இன்னும் 3 சிக்மாவுக்கு மேல், அதாவது பிழை வரம்பைப் போல் மூன்று மடங்குக்கு மேல், விலகி நிற்கிறது. கண்டுபிடிப்பு என்று அறிவிக்க 5 சிக்மா வேண்டும். இந்தச் சிதைவில் நியூட்ரினோக்கள் மூன்று வரை தப்பிவிடுவதால் பின்னணியைப் பிரிப்பது கடினம்; பிழை அங்கே ஒளிந்திருக்கலாம். எனக்கு எந்தப் பக்கமும் சாய ஆதாரம் போதவில்லை. ஆனால் இன்று துகள் இயற்பியலில் நான் கண் எடுக்காமல் பார்க்கும் எண் இதுதான்.

அளக்க முடியாமல் இன்னும் திணறும் எண்ணும் ஒன்று உண்டு. மின்னேற்றம் கொண்ட சுழலும் துகள் ஒவ்வொன்றும் ஒரு சிறு காந்தம். வெற்றிடத்தில் தோன்றி மறையும் துகள்களால் அந்தக் காந்தத்தின் வலிமை ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கூடுகிறது. எலெக்ட்ரானின் காந்த வலிமையைப் பதின்மூன்று இலக்கத் துல்லியத்தில் அளந்துவிட்டார்கள். மியூவானை ஃபெர்மி ஆய்வகத்தின் வளையக் காந்தத்துக்குள் சுற்றவிட்டு அளந்தார்கள். இன்னும் காணப்படாத கனமான துகள்கள் ஏதேனும் இருந்தால், அவற்றின் விளைவு லெப்டான் நிறையின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பது பல கோட்பாடுகளின் எதிர்பார்ப்பு. டௌவில் அது மியூவானைப் போல் 280 மடங்கு. தேட வேண்டிய இடம் டௌதான். ஆனால் 290 ஃபெம்டோ நொடி வாழும் துகளை எந்த வளையத்தில் சுற்றவிடுவது?

அதற்கு LHC-யில் கிடைத்த வழி ஆச்சரியமானது. ஆண்டில் சில வாரங்கள் அங்கே ஈய அணுக்கருக்களை மோதவிடுவார்கள். சில அணுக்கருக்கள் மோதாமல் உரசாமல் ஒன்றையொன்று கடந்துபோகும். ஒவ்வொன்றிலும் 82 புரோட்டான்கள். அவற்றின் மின்புலம் மிகத் தீவிரமானது, ஒளித்துகள்களின் வெள்ளம் போலச் செயல்படும். இரு ஒளித்துகள்கள் மோதி டௌ இணையைப் பெறும் வீதம் மின்னேற்றத்தின் நான்காம் அடுக்கு, அதாவது 82-இன் நான்காம் அடுக்கு: புரோட்டான்களோடு ஒப்பிட்டால் சுமார் 4.5 கோடி மடங்கு. ஒளித்துகளோடு டௌ கைகோக்கும் இடத்தில்தான் அதன் காந்த வலிமை வெளிப்படும். 2023-இல் அட்லாஸும் சிஎம்எஸ்ஸும் இப்படிப் பிறந்த டௌக்களை வெளியிட்டன. 2024-இல் சிஎம்எஸ், புரோட்டான் மோதல்களிலேயே, அருகில் வேறு எந்தத் தடமும் இல்லாத நிகழ்வுகளைப் பொறுக்கி, கூடுதல் வலிமை 0.0009 என்றது, பிழை 0.003. LEP காலத்து எல்லையைவிட ஐந்து மடங்கு நல்ல முடிவு. ஆனாலும் கோட்பாடு சொல்லும் மதிப்பு 0.00118, பிழை அதைவிடப் பெரிது. ஜூலியன் ஷ்விங்கர் 1948-இல் எலெக்ட்ரானுக்குக் கணக்கிட்ட முதல் திருத்தம் டௌவுக்கும் பொருந்துகிறதா என்பதே இன்னும் சோதித்து முடியவில்லை.

கடைசியாக, நடக்கவே கூடாத சிதைவுகள். டௌ நியூட்ரினோ எதுவும் இல்லாமல் மூன்று மியூவான்களாகச் சிதையலாமா? ஒரு மியூவானும் ஒளித்துகளுமாக? நியூட்ரினோக்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறுகின்றன என்று தெரிந்துவிட்டதால், மின்னேற்ற லெப்டான்களுக்கும் கொள்கையளவில் தடையில்லை. ஆனால் ஸ்டாண்டர்ட் மாடலின்படி அந்த வாய்ப்பு எந்தக் கருவியாலும் எட்ட முடியாத அளவுக்குச் சிறியது. ஆகவே ஒரே ஒரு சிதைவு உறுதியாகத் தென்பட்டாலும் புதிய இயற்பியல்தான். மியூவானும் ஒளித்துகளும் தரும் சிதைவு 2.4 கோடியில் ஒன்றைத் தாண்டாது என்று பெல் 2021-இல் எல்லை வகுத்தது. மூன்று மியூவான் சிதைவுக்கு பெல் 2 வகுத்த எல்லை ஐந்து கோடியில் ஒன்றை ஒட்டி.

இந்த இரண்டாவது தேடலுக்கு ஒரு தனிச் சுகம் உண்டு. இந்த அத்தியாயத்தில் வந்த மற்ற அளவீடுகளில் பெரும்பாலானவற்றில் ஏதாவது ஒன்று தப்பிப் போனது. மூன்று மியூவான் சிதைவில் எதுவும் தப்பாது. மூன்று தடங்களின் ஆற்றலையும் உந்தத்தையும் சேர்த்தால் 1777 வர வேண்டும். கூடவே மொத்த ஆற்றல் மோதல் ஆற்றலில் பாதியாக இருக்க வேண்டும். இரண்டு நிபந்தனைகளும் சந்திக்கும் ஒரு சிறு கட்டத்தை வரைபடத்தில் முன்கூட்டியே குறித்து, பகுப்பாய்வு முழுவதும் முடியும்வரை அதை மூடியே வைக்கிறார்கள். ஆசைப்படும் விடை நோக்கி முறையை வளைத்துவிடக் கூடாது என்பதற்காக. இதுவரை திறந்தபோதெல்லாம் எதிர்பார்த்த பின்னணிக்கு மேல் எதுவும் அங்கே இல்லை. சூப்பர்கெக்பி தன் இலக்கை எட்டினால் மொத்தம் 4,500 கோடிக்கும் மேற்பட்ட டௌ இணைகள் கிடைக்கும். பெல் தந்ததைப் போல் ஐம்பது மடங்கு. மூன்று மியூவான் தேடலில் பின்னணி மிகக் குறைவு என்பதால், நிகழ்வுகள் பெருகும் அதே வீதத்தில் அதன் எல்லையும் இறங்கும்.